இடம்பெயர்ந்தோர் நிலம் எவருடைமை?

நிலத்தை விட்டு ஓடியவன் நிலத்தை விட்டுக்கொடுத்தவன் ஆவானா? வினா எளியது. பள்ளிச் சிறுவனும் ‘ஆகான்’ என்றே விடை கூறுவான். ஆயின் நமது நாட்டின் அதியுயர் சட்டமாகிய அரசியலமைப்பு இவ்வினாவுக்கு வாய்திறக்கவில்லை. அதன் மௌனத்தின் நிழலிற் சாதாரணச் சட்டங்களும் கந்தோர் நடைமுறைகளும் ‘ஆவான்’ என்று விடையளித்து வந்துள்ளன. அம்மௌனம் கலைக்கப்படல் வேண்டும் என்பதும், கலைக்கப்படும்போது மட்டக்களப்பு வாவியின் இருகரையாருக்கும் ஒரே நீதி எழுதப்படல் வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

வாவியும் நிலமும்

கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. அவன் படும் பக்கம் படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் நெருங்கிய ஊர்கள். வாவிக்கு மேற்கே வயல் வட்டைகள், குளங்கள், மேய்ச்சல் தரைகள், அப்பாற் காடு. வீடு ஒரு கரையிலும் வயல் மறுகரையிலுமாக வாழ்ந்தோர் தமிழரிலும் இருந்தனர், முஸ்லிம்களிலும் இருந்தனர். முஸ்லிம் போடியாரின் வயலைத் தமிழ் வயற்காரர் செய்ததும், தமிழர் விளைவித்த நெல்லை முஸ்லிம் வணிகர் கொண்டதும், ஒரே வட்டவிதானையின் சொற்படி இருசாராரும் நீர் பாய்ச்சியதும் இப்பிரதேசத்தின் பழைய ஒழுங்கு. அவ்வொழுங்கிற் சுரண்டல் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஒருவர் நிலம் மற்றவர் ஊருக்கு நடுவில் இருப்பது அச்சத்துக்குரிய செய்தியாக அன்று இருக்கவில்லை.

மட்டக்களப்பின் நிலவுரிமைக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்வது இங்கு இருசமூகத்தாருக்கும் பொதுவான வழமை. முக்குவர் சட்டம் என்ற பெயரிற் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இல் நூலாக்கிய தாய்வழி உரிமைமுறை, அதே ஆண்டின் ஆதன உரிமைக் கட்டளைச் சட்டத்தால் நீதிமன்றங்களிற் செல்வாக்கிழந்தது. ஆயினும் வீடு மகளுக்கு என்னும் வழமை மக்களிடையே அழியவில்லை. ஆகவே இங்கு ஒரு குடும்பம் வீட்டை இழப்பது என்றால் முதலில் ஒரு பெண் தன் உடைமையை இழக்கின்றாள் என்பதே பொருளாகும்.

1990ஆம் ஆண்டு இவ்வொழுங்கைக் கிழித்தெறிந்தது. ஆகஸ்ட் 3ஆந் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். சில நாள்களுள் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். செப்ரெம்பர் 5ஆந் தேதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழரில் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. நான்கு நாள்களின் பின் சத்துருக்கொண்டானில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். உன்னிச்சை, உறுகாமம் முதலிய உட்பகுதிகளிலிருந்த முஸ்லிம் குடும்பங்கள் எழுவான்கரைப் பட்டினங்களுக்குப் பெயர்ந்தன. முஸ்லிம் ஊர்களை அடுத்திருந்த தமிழரும் தம் வீடுகளை விட்டகன்றனர். 2006இலும் 2007இலும் வாகரையிலும் படுவான்கரையிலும் போர் மூண்டபோது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மீண்டும் பெயர்ந்தனர். எவரும் தம் நிலத்தை எவருக்கும் விட்டுக்கொடுத்துச் செல்லவில்லை. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு சென்றனர். உறுதிகள் சிலருடன் சென்றன, பலருடையவை வீட்டோடு எரிந்தன.

அரசியலமைப்பின் மௌனம்

தன் உடைமை எதேச்சையாகப் பறிக்கப்படலாகாது என்னும் உரிமையை 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 17ஆம் உறுப்புரையில் எல்லா மனிதருக்கும் உரியதாக அறிவித்தது. ஆனால், 1972ஆம் ஆண்டின் முதலாவது குடியரசு அரசியலமைப்போ, இன்று நடைமுறையிலுள்ள 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்போ தம் அடிப்படை உரிமைப் பட்டியலில் அவ்வுரிமைக்கு இடந்தரவில்லை. 14ஆம் உறுப்புரை விரும்பிய இடத்தில் வதியும் சுதந்திரத்தைத் தருகின்றது. வதியும் சுதந்திரம் உண்டு; வதிவதற்குரிய வீட்டுக்குக் காப்பு இல்லை. இதனைச் சுதந்திரம் என்று அழைப்பது பசித்தவனுக்கு உண்ணும் உரிமையை மாத்திரம் பரிமாறுவதற்கு ஒப்பாகும்.

உடைமைக்குக் காப்பளித்தல் அரசியலமைப்பாக்கியோருக்குத் தெரியாத கலையன்று. 157ஆம் உறுப்புரையை எடுத்து நோக்குக. பிற நாடொன்றும் அதன் பிரசைகளும் கம்பனிகளும் இலங்கையிற் செய்யும் முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கை ஒன்றை நாடாளுமன்றம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் ஏற்குமாயின், அது சட்டவலுப் பெறும். தேசிய பாதுகாப்பின் நலன்கருதியன்றி அதற்கு முரணாகச் சட்டம் இயற்றவும் இயலாது. நிருவாக நடவடிக்கை எடுக்கவும் இயலாது. பிறநாட்டு முதலாளியின் தொழிற்சாலைக்கு அரசியலமைப்பே வேலியாகும் நாட்டில், சொந்த நாட்டுக் குடியானவனின் இரண்டேக்கர் வயலுக்கு ஒரு வரியேனும் எழுதப்படவில்லை. ‘சொத்துரிமை முதலாளித்துவக் கோட்பாடு; ஆதலால் விடப்பட்டது’ என்று கூறுவோர் 157ஆம் உறுப்புரைக்கு யாது விளக்கம் தருவர்?

குறை இத்துடன் முடியவில்லை. அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என 16ஆம் உறுப்புரை கூறுகின்றது. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துள் உயர்நீதிமன்றத்தை நாடவேண்டும் என 126ஆம் உறுப்புரை விதிக்கின்றது. அகதி முகாமிற் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்பவர், தம் நிலத்தில் எவர் குடியேறினார் என்று அறிவதற்கே ஒரு மாதம் போதாது. 2000ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்ட புதிய அரசியலமைப்புச் சட்டமூலத்திற் சொத்துரிமை இடம்பெற்றிருந்தது. அது நிறைவேறாது போயிற்று. அதனுடன் அவ்வாசகமும் போயிற்று.

வாவி கடந்தவனுக்குச் சட்டம் இல்லை

அரசியலமைப்பு மௌனம் காக்க, சாதாரணச் சட்டம் பேசுகின்றது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியைப் பத்தாண்டுகள் தடையின்றியும் உரியவனுக்கு எதிராகவும் ஆண்டுவந்தவன் அதற்கு உரித்தாளனாகலாம். உறங்கும் உடைமையாளனைத் தட்டியெழுப்பும் நோக்குடன் அமைதிக் காலத்துக்கென ஆக்கப்பட்ட சட்டம் இது. உறங்கியவனுக்கும் துரத்தப்பட்டவனுக்கும் இடையே அது வேறுபாடு காணவில்லை.

இச்சட்டம் முற்றிலும் இரக்கமற்றது என்றும் கூறமுடியாது. வழக்காட வேண்டியவர் சிறுவயதினராகவோ, சித்தசுவாதீனம் அற்றவராகவோ, கடல்கடந்த நாட்டில் உள்ளவராகவோ இருப்பின் அவருக்கெதிராகக் காலம் ஓடாது என அதன் 13ஆம் பிரிவு சலுகை தருகின்றது. இலண்டனில் இருந்தவருக்குச் சட்டம் காத்திருக்கும். காத்தான்குடியில் நின்று வாவிக்கு அப்பாலுள்ள தன் வட்டையைக் கண்ணாற் கண்டும் காலடி வைக்க முடியாதிருந்தவருக்கு அச்சட்டம் காத்திராது. கடல் கடந்தவனைக் காக்கும் சட்டம் வாவி கடந்தவனைக் கைவிட்டது.

இக்குறையை நீக்கும்பொருட்டு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1ஆந் தேதி தொடக்கம் 2009 மே 18ஆந் தேதி வரையான காலம் ஆட்சியுரிமைக் கணக்கிற் சேராது என்னும் கொள்கை அதனால் ஏற்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. ஆயின் எவருக்கு அச்சலுகை? பயங்கரவாதக் குழுவின் நடவடிக்கையால் உரிமையைப் பேண முடியாது போனவருக்கு என்று சட்டம் வரைவிலக்கணம் தருகின்றது. படையினரின் சுற்றிவளைப்புக்கும் எறிகணைக்கும் அஞ்சி ஓடியவர் அவ்வரைவிலக்கணத்துள் அடங்குவாரா என்பதை நீதிமன்றப் படியேறித்தான் அறியவேண்டும். துரத்தியவன் எவன் என்று கேட்டு நீதியை அளந்து கொடுக்கும் சட்டம் அரைநீதியையே தரும்.

உறுதிக் காணியின் நிலை இவ்வாறாயின், அரச அனுமதிப்பத்திரத்தில் வாழும் ஏழையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் அதன் நிபந்தனைகளின்படி காணியைப் பேணவும் பயன்படுத்தவும் வேண்டும். தவறின் பத்திரம் இரத்தாகலாம். எவன் அஞ்சி ஓடினானோ அவனே நிபந்தனையை மீறியவனாகின்றான்! உறுதியுமின்றிப் பத்திரமுமின்றித் தலைமுறையாக மாடு மேய்த்தோர் நிலையோ அதனினும் கீழானது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளுக்காக 2023 செப்ரெம்பரிற் சித்தாண்டியில் அறப்போர் தொடங்கிய பண்ணையாளர் கையிற் காட்டுவதற்கு உறுதி இல்லை. அரச காணி பற்றிய தேசியக் கொள்கையை வகுக்க 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் கூறிய தேசியக் காணி ஆணைக்குழுவோ அமைக்கப்படாமலே உள்ளது.

பாரதப் பிரிவினை புகட்டும் பாடம்

‘சொத்துரிமை என ஒரு வரியைச் சேர்த்துவிட்டாற் போதுமே’ எனச் சிலர் கருதலாம். போதாது என்பதற்கு 1947ஆம் ஆண்டின் பாரதப் பிரிவினையே சான்று. இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்தபோது, அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளையும் நிலங்களையும் பேணுவதற்கெனப் பொறுப்பாளர் எனும் அதிகாரி இருநாடுகளிலும் நியமிக்கப்பட்டார். பேணுதலே முதல் நோக்கம். உரியவர் திரும்பக்கூடும் என்ற எண்ணமும் முதலில் இருந்தது. இந்தியாவில் 1950ஆம் ஆண்டின் வெளியேறியோர் சொத்து நிருவாகச் சட்டம் அப்பொறுப்பாளரின் பிடியை இறுக்கிற்று. நாட்டை விட்டகலாதவரையும் ‘வெளியேற எண்ணுபவர்’ எனச் சந்தேகித்து அவர் சொத்துக்குத் தளையிடவும் அக்காலச் சட்டம் வழிவகுத்தது. 1954ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வந்தபோது அச்சொத்துக்கள் அரசினாற் சுவீகரிக்கப்பட்டு, பாக்கிஸ்தானிலிருந்து வந்த அகதிகளின் புனர்வாழ்வுக்குப் பயன்பட்டன. பேண நியமித்தவன் கையாலேயே உரித்து அழிந்தது.

இவ்வளவும் நிகழ்ந்தபோது இந்திய அரசியலமைப்பிற் சொத்துரிமை அடிப்படை உரிமையாக வீற்றிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 31ஆம் உறுப்புரை இழப்பீடின்றிச் சொத்தைச் சுவீகரிக்கலாகாது என்றது. ஆனால் அதன் ஐந்தாம் உட்பிரிவு, வெளியேறியோர் சொத்துப் பற்றிய சட்டங்களை அக்காப்பிலிருந்து விலக்கிவைத்தது. வேலி கட்டியவர்களே துரத்தப்பட்டவனின் நிலத்தருகே கடப்பு வைத்துக் கட்டினர். சமீந்தார்கள் அதே உரிமையைக் கேடயமாகக் கொண்டு நீதிமன்றங்களில் நிலச்சீர்திருத்தத்தோடு மல்லாடினர். 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம் அதனை அடிப்படை உரிமை என்னும் பீடத்திலிருந்து இறக்கி 300அ உறுப்புரையில் வெறும் சட்டவுரிமையாக வைத்தது. வலியவனுக்குக் கேடயமாகவும் மெலியவனுக்கு வெறுங்காகிதமாகவும் ஓருரிமை அமைந்தால், அதன் முடிவு இவ்வாறுதான் ஆகும்.

கிழக்கு வங்கத்தின் கதை இதனினும் நீண்டது. 1965ஆம் ஆண்டின் போரின்போது இந்துக்களின் நிலங்கள் ‘பகைவர் சொத்து’ எனப் பெயர் பெற்றன. பாக்கிஸ்தான் ஆட்சி போய் வங்காளதேசம் பிறந்தபின்னும் 1974இல் அது ‘அரசிடம் ஒப்படைக்கப்பட்ட சொத்து’ எனப் புதுப்பெயர் பூண்டதேயன்றி உரியவரிடம் மீளவில்லை. மீளளிக்கச் சட்டம் இயற்றப்பட்டது 2001இல்.

இஸ்ரேலின் 1950ஆம் ஆண்டுச் சட்டமோ ‘இல்லாதோர் சொத்து’ என்று பேசிற்று. நாட்டினுள்ளே பக்கத்து ஊரில் இருந்துகொண்டே தம் நிலம் அற்றுப்போன பலஸ்தீனரை ‘இருந்தும் இல்லாதோர்’ என உலகம் அழைக்கலாயிற்று. வாவியின் இக்கரையில் நின்று அக்கரையிலுள்ள தம் வயலை நோக்கும் நம்மவருக்கு இதனிலும் பொருத்தமான பெயர் உண்டோ?

நம் நாட்டிலும் இத்தகைய சட்டத்தின் முன்மாதிரி இல்லாமலில்லை. 1983 யூலைக் கலவரத்தின் பின், அவசரகால ஒழுங்குவிதிகள் மூலம் சேதமுற்ற சொத்துக்கள் அரசுக்கு உரித்தாக்கப்பட்டு, ‘ரெபியா’ எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட அதிகாரசபையின் பொறுப்பில் விடப்பட்டன. அபகரிப்பைத் தடுப்பதே நோக்கம் எனப்பட்டது. எரிந்த கடையின் சொந்தக்காரன் தன் கடையைத் தனக்குத் தரும்படி அரசிடம் விண்ணப்பிக்க வேண்டியவனானான். ஓர் ஒழுங்குவிதியால் இவ்வாறு செய்ய இயலுமாயின், குறுக்கே நிற்க அரசியலமைப்பில் ஒரு வரியும் இல்லை என்பதே அதன் பொருள்.

மூன்று மறுப்புகள்

நம்மிடையே உள்ள முற்போக்கு நண்பர் சிலர், ‘சொத்துரிமை போடியாருக்கன்றோ பயன்படும்?’ என வினவுவர். வினா நேர்மையானது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கரும் ஏனைய காணிக்கு 50 ஏக்கரும் என உச்சவரம்பு விதித்தது. அதனை எவரும் அசைக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது குவித்து வைக்கும் உரிமையை அன்று. அச்சத்தால் இழக்காதிருக்கும் உரிமையை. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனுக்கு அளித்த பாதுகாப்பும் இவ்வுரிமையுள் அடங்க வேண்டும். போடியார் கொழும்பிலும் ஒரு வீடு வாங்குவார். துரத்தப்பட்டபின் போக்கிடம் அற்றவன் வயற்காரனே. இவ்வுரிமை யாருக்கு மிகுதியாகத் தேவை என்பதை நண்பர்கள் சிந்திக்கட்டும்.

இரண்டாவது மறுப்பு: ‘இன்று அந்நிலத்தில் இருப்பவனும் ஏழைதான், அவனும் எங்கிருந்தோ துரத்தப்பட்டவன்தான்.’ இது உண்மை. ஆயின் ஓர் ஏழையின் கடனை மற்றோர் ஏழையின் தலையிற் கட்டுவது எந்தச் சமதர்மம்? அவனுக்கு மாற்று நிலம் தருவது அரசின் கடன். நன்னம்பிக்கையுடன் காணியைத் திருத்தியவனுக்கு அத்திருத்தத்தின் பெறுமதியைக் கொடுப்பது உரோம ஒல்லாந்தச் சட்டம் அறிந்த பழைய நெறியே. இருவரையும் வேலிக்கு இருபுறமும் நிறுத்திவிட்டு அரசு வரம்பில் நின்று வேடிக்கை பார்க்கலாகாது.

மூன்றாவது மறுப்பே மிகவும் நயவஞ்சகமானது: ‘அவர்கள் விற்றுவிட்டுத்தானே சென்றார்கள்? உறுதி இருக்கிறதே!’ அயலில் வீடெரியும்போது நொத்தாரிசு முன் இட்ட கையெழுத்து எத்தகைய சம்மதம்? உண்மை விலையின் அரைப்பங்கிலும் குறைவாக விற்ற காணியை மீட்கலாம் என்னும் கோட்பாடும், அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் சம்மதமன்று என்னும் கோட்பாடும் நமது சட்டத்தில் உள்ளன. ஆனால் எரிந்த வீட்டின் சாம்பலிலிருந்து சான்றுகளைப் பொறுக்கிவந்து அவற்றை நிறுவும் பாரம் விற்றவன் தலையிலேயே உள்ளது. அப்பாரம் வாங்கியவன் தலைக்கு மாறவேண்டும்.

இருகரைக்கும் ஒரு நீதி

இனி நமக்குள்ளே சொல்லிக்கொள்ள வேண்டிய கசப்பான உண்மைக்கு வருவோம். நிலவுரிமை என்ற சொல்லை நாம் பெரும்பாலும் ஒரு திசையை நோக்கியே உச்சரித்து வருகின்றோம். மயிலத்தமடுவுக்காக மேடையேறும் தமிழர் உறுகாமத்து முஸ்லிமின் வயலைப் பற்றிப் பேசுவது அரிது. படுவான்கரையில் இழந்த வட்டைகளைக் கணக்கிடும் முஸ்லிம் தலைவர்கள் வீரமுனைத் தமிழரின் வீடுகளைக் கணக்கிற் கொள்வதும் அரிது. தன் இழப்பு வரலாற்று அநீதி, மற்றவன் இழப்புப் போரின் விளைவு என்று இருசாராரும் கருதுகின்றனர். இத்தகைய பேச்சு உரிமைப் பேச்சன்று, பங்குப் பேச்சு. கொழும்பிலிருந்து காணிகளை விழுங்க வருவோருக்கு இதனினும் நல்ல துணை வேறில்லை.

2002 ஏப்ரிலில் விடுதலைப் புலிகளின் தலைவருக்கும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவருக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டில், முஸ்லிம்கள் தம் வயல்களிற் பயிரிட இடமளிக்கும் விடயமும் இடம்பெற்றது. ஆயுதத்தின் கருணையால் வழங்கப்படும் அனுமதி ஆயுதத்தின் கோபத்தாற் பறிபோகும். உழவன் எவருடைய கருணையிலும் ஏர்பூட்டலாகாது. தன் உரிமையில் ஏர்பூட்ட வேண்டும். அவ்வுரிமை எழுதப்பட வேண்டிய இடம் அரசியலமைப்பே.

ஆகவே, புதிய அரசியலமைப்புப் பற்றிப் பேசுவோர் முன் நான்கு வாசகங்களை வைக்கின்றோம். வீட்டையும் வாழ்வாதார நிலத்தையும் எவரும் சட்டத்தாலன்றியும் நியாயமான இழப்பீட்டாலன்றியும் இழக்கலாகாது. உறுதி, அனுமதிப்பத்திரம், குத்தகை, வழமையான மேய்ச்சல் என்னும் யாவும் இக்காப்புக்கு உரியன. அச்சத்தால் அகன்றமை கைவிட்டமையாகக் கொள்ளப்படலாகாது. துரத்தியவர் எவராயினும் அக்காலம் ஆட்சியுரிமைக் கணக்கிலோ நிபந்தனை மீறலிலோ சேராது. அக்காலத்திற் பெறப்பட்ட கைமாற்றங்களைச் சுயேச்சையான காணி நியாயசபை விசாரிக்க வேண்டும். சம்மதத்தை நிறுவும் பொறுப்பு வாங்கியவரைச் சார வேண்டும். வீடு பெண்ணின் பெயரில் இருந்தவிடத்து மீளளிப்பும் பெண்ணின் பெயரிலேயே அமைய வேண்டும். ‘குடும்பத் தலைவன்’ என்ற கந்தோர்ச் சொல் அவள் சீதனத்தை விழுங்கலாகாது.

இவ்வாசகங்களில் தமிழன், முஸ்லிம், சிங்களவன் என்ற சொல் இல்லை என்பதைக் காண்க. 1980களில் எல்லைக் கிராமங்களை விட்டோடிய சிங்கள உழவனுக்கும், 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிமுக்கும், வாகரையிலிருந்து பெயர்ந்த தமிழனுக்கும் இவை ஒன்றாகவே பொருந்தும். பொருந்தாத நீதி நமக்கு வேண்டாம்.

சட்டம் பயில்வோரும் வரலாறு பயில்வோரும் நிரம்பிய பல்கலைக்கழகத்துக்கு இதில் ஒரு கடமை உண்டு. வாவியின் இருகரையிலும் ஊர் ஊராகச் சென்று, எவர் எந்த வளவில் இருந்தார், எந்த வட்டையில் எவர் வயல் செய்தார் என்னும் விவரங்களை, முதியோர் உள்ளபோதே, தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் சேர்ந்து திரட்டுதல் வேண்டும். எரிந்த உறுதிக்கு ஈடாக நீதிமன்றில் நிற்கக்கூடியது அயலவன் வாய்ச்சொல்லே. முஸ்லிமின் வயலுக்குத் தமிழ் அயலவனும் தமிழனின் வளவுக்கு முஸ்லிம் அயலவனும் சாட்சி சொல்லும் நாளில், அரசியலமைப்பை எழுதுவோரும் அச்சாட்சியைக் கேட்டே ஆகவேண்டும்.